உழைத்த உடம்புக்கு எண்ணெயும் இளைப்பாறுதலும்

(மருத்துவமனை ஆதரவாளர்கள் ஒன்றுகூடலில், மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெயிலையும் பொருட்படுத்தாமல், பஸ் மாறி பஸ் ஏறி இவ்வளவு பேர் வந்திருப்பதைக் காணும்போது எங்கள் உள்ளம் நிறைகிறது.

சென்ற மாதங்களில் உங்களில் சிலர் ஒரே விதமான கேள்வியைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். "புதுக்கோட்டைச் சீமையில் கல் உடைக்கிறவர்களும், செங்கல் சுமக்கிறவர்களும், வலை இழுக்கிறவர்களும் உடம்பு வலியால் அவதிப்படுகிறார்களே, கடும் உழைப்பினால் உடம்பில் சேரும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தாவர எண்ணெய்கள் போக்கும் என்று விளம்பரங்களில் படிக்கிறோமே, அந்தப் புட்டிகளையும் விட்டமின் மாத்திரைகளையும் பெட்டி பெட்டியாக அனுப்பி வைக்கலாமா?" என்பதே கேள்வி. அன்பினால் எழுந்த கேள்வி இது. ஆகவே, பொறுப்போடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கு எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் தந்தார்கள். வேதியியல் கற்றுத் தரவில்லை. ஆனபடியால் நமது டாக்டர்களையும் மருந்தகத்தாரையும் உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கே எடுத்துச் சொல்லுகிறோம்.

யார் இந்த உழைப்பாளிகள்?

நமது மாவட்டம் 1974-ஆம் ஆண்டு, திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உண்டாக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி. ஆதனக்கோட்டை சாலையோரம் அடுப்பு அனலில் நின்று முந்திரி வறுக்கும் பெண்கள், கல் குவாரிகளில் சம்மட்டி அடிக்கிறவர்கள், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் வலை இழுக்கிறவர்கள் ஆகிய இவர்கள்தான் நமது வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் சாலையில் ஓடும் பையன்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்பதால், பத்து நாளில் உடம்பைத் தேற்றிவிடலாம் என்று எண்ணி அளவுக்கு மீறி ஓடுகிறார்கள்.

இவர்களுடைய படுக்கையருகே நாங்கள் உட்காரும்போது பெரும்பாலும் முதலில் வருவது தைல வாசனைதான். அறந்தாங்கிப் பக்கமும் கந்தர்வக்கோட்டைப் பக்கமும் தைலமரக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரங்களிலிருந்துதான் புட்டித் தைலம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நமது மாவட்டத்து மரங்கள் பெரும்பாலும் காகிதக் கூழுக்காக நடப்பட்டவை. புட்டிக்கு வரும் நீலகிரித் தைலம், 1840-களில் ஊட்டி மலைக்குக் கொண்டுவரப்பட்ட வேறோர் இனத்தின் இலையை நீராவியில் வடித்து இறக்குவது. அதன் முக்கியச் சத்து சினியோல் என்னும் பொருள். புதினா எண்ணெயின் மென்தால், கிராம்பு எண்ணெயின் யூஜினால், கற்பூரம் ஆகிய யாவும் இதே குடும்பத்து வாசனைப் பொருள்கள். இவற்றைத்தான் தாவர நறுமண எண்ணெய்கள் என்கிறோம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

வீட்டில் நாள்பட்ட கடலையெண்ணெய் காறிப்போய் ஒரு வாடை வீசுமே, அதுதான் ஆக்சிஜனேற்றம். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்குவதால் அப்படி ஆகிறது. நமது உடம்பிலும் இதுபோன்ற வேலை நடக்கிறது. நாம் உண்ட உணவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தே தசைகள் பலம் பெறுகின்றன. கடுமையாக ஓடும்போது, சும்மா இருக்கையில் வாங்குவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாக ஆக்சிஜனை உடம்பு வாங்குகிறது. அந்த வேலைக்கு நடுவே அடங்காத சில துகள்கள் உண்டாகின்றன. பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் குணம் அவற்றுக்கு உண்டு. 1982-இல் அமெரிக்காவில் கெல்வின் டேவிஸ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும், எலிகளைக் களைத்து விழுமட்டும் ஓட வைத்து, அவற்றின் தசையிலும் ஈரலிலும் இந்தத் துகள்கள் இரண்டு மூன்று மடங்கு பெருகியதைக் கண்டார்கள்.

அப்படியானால் நாளெல்லாம் சம்மட்டி அடிக்கிறவன் காறிப்போக வேண்டுமே! ஏன் அப்படி ஆவதில்லை? உடம்புக்குள்ளேயே காவற்காரர் வைக்கப்பட்டிருக்கிறார்கள். 1969-இல் மெக்கார்டு, ஃபிரிடோவிச் என்னும் இரு விஞ்ஞானிகள் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் வேலையைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துகள்களைப் பிடித்து அடக்குவதே அதன் வேலை. கேட்டலேஸ், குளுட்டாதயோன் என்று இன்னும் சில காவற்காரரும் உண்டு. துகள்கள் பெருகிக் காவற்காரரின் கை ஓயும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

இரண்டு சக்கரம் கற்பித்த பாடம்

உங்களில் மூத்தவர்களுக்கு 1991, 1992-ஆம் ஆண்டுகள் நினைவிருக்கும். அறிவொளி இயக்கம் நமது மாவட்டத்தில் நடந்த காலம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் சேர்த்து ஊக்குவித்தார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். குவாரியில் வேலை செய்த பெண்களும், அங்கன்வாடி ஊழியர்களும் அவர்களில் இருந்தார்கள். பின்னால் பிள்ளை, முன்னால் தண்ணீர்க் குடம் என்று அவர்கள் மிதித்துக்கொண்டு போன காட்சியை இந்த மாவட்டம் மறக்காது.

முதன்முதலாக சைக்கிள் மிதிக்கிற யாருக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலி எடுக்கும். தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைச் சரிசெய்ய உடம்பு அனுப்பும் வீக்கமுமே அதற்குக் காரணம். அந்த வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தானாகவே அடங்கும். சில வாரம் விடாமல் மிதித்தால் அதே தூரம் வலியில்லாமல் போகும். இடையில் நடந்தது என்ன? கொஞ்சம் கூடுதலாக உண்டான அந்தத் துகள்களே உடம்புக்கு ஒரு செய்தியாய் அமைந்தன. "வேலை கூடுகிறது, காவலைப் பலப்படுத்து" என்பது அந்தச் செய்தி. அதைக் கேட்டு உடம்பு நொதிகளைக் கூடுதலாக உண்டாக்கிக்கொண்டது. சிருஷ்டிகர் நமது உடம்பை எவ்வளவு ஞானமாய் அமைத்திருக்கிறார் என்று இதை டாக்டர் விளக்கியபோது வியந்தோம்.

செய்தியை அழித்துவிட்டால்?

இங்கேதான் உங்கள் கேள்விக்கு வருகிறோம். துகள்களை அடக்கும் பொருளை வெளியிலிருந்து நிறையக் கொடுத்தால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் விட்டமின் சி-யும், 400 அலகு விட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்குப் பயிற்சியின் பலனாக இன்சுலின் நன்றாக வேலை செய்தது. உடம்பின் சொந்தக் காவலும் கூடியது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ அந்தப் பலன்கள் தடைபட்டன. செய்தி போய்ச் சேருமுன்னே அழிக்கப்பட்டது போலாயிற்று.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை பின்லாந்திலிருந்து 1994-இல் வந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம், நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. காரட்டிலும் கீரையிலும் இருக்கும் அதே பொருள்தான். உணவாகச் சாப்பிட்டால் ஒரு விதம். மாத்திரையாய் அளவுக்கு மீறி விழுங்கினால் வேறு விதம்.

நறுமண எண்ணெய்களின் காரியம் என்ன? கிராம்பு போன்றவற்றின் எண்ணெய், உணவுப் பொருள் காறிப்போவதைத் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான். சோதனைக் குழாயில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சோதனைக் குழாய்க்கு ஈரலும் இல்லை, இருதயமும் இல்லை. கடும் உழைப்புக்குப் பின் இந்த எண்ணெய்கள் என்ன செய்யும் என்று பார்த்தவற்றில் விலங்குகளிடத்தில் நடந்த ஆய்வுகளே அதிகம். மனிதரிடத்தில் நடந்தவை சிறியவை. அவற்றை நம்பி ஒரு கூலித் தொழிலாளியின் இரண்டு நாள் சம்பளத்தை ஒரு சிறு புட்டிக்குக் கொடுக்கச் சொல்ல நமது மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் தைலம் வீணா?

வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. மென்தால் தோலில் பட்டதும் குளிர்ச்சி தெரிகிறதே, அது எப்படி என்பதை விஞ்ஞானிகள் 2002-இல் கண்டறிந்தார்கள். குளிரை உணரும் நரம்பு முனையில் ஒரு வாசல் இருக்கிறது. மென்தால் அந்த வாசலைத் திறக்கிறது. உண்மையில் குளிர் இல்லாமலே, "குளிர்கிறது" என்று மூளைக்குச் செய்தி போகிறது. அந்தச் செய்தியின் இரைச்சலில் வலியின் குரல் சற்று அடங்குகிறது. இவ்வகை வாசல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

ஆகவே தைலம் தோலுக்கு ஆறுதல் தருகிறது. தசைக்குள்ளே போய்த் துகள்களைக் கழுவுவதில்லை. தேய்க்கிற கைக்கும் இதில் பங்கு உண்டு. நிதானமாகப் பிடித்துவிடுவதே தசைவலியைக் குறைக்கும். வேலை முடிந்து வந்த மகனுக்குத் தாய் கால் பிடித்துவிடுகிறாளே, அதில் பாதி சுகம் அவள் கையில் இருக்கிறது. நல்ல சமாரியன் காயப்பட்டவனுக்கு எண்ணெய் வார்த்தான் என்று அறிவோம். அவன் அத்தோடு விட்டுப் போகவில்லை. சத்திரத்திற்குக் கொண்டுபோய் இளைப்பாற இடமும் செய்து, அதற்குப் பணமும் கொடுத்தான்.

குடிக்கக் கூடாது

அன்பர்களே, இந்தப் பகுதியை மட்டுமாவது உங்கள் ஊரில் நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.

"ஐயா, இந்தச் சொட்டைத் தண்ணியில விட்டுக் குடிச்சா அசதி போயிருமாமே?" என்று வார்டில் எங்களைக் கேட்கிறவர்கள் உண்டு. "வேண்டாம்மா, தேய்க்கிறது தேய்க்கத்தான்" என்று சொல்லி, புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுகிறோம். காரணம் இதுதான். நீலகிரித் தைலம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உள்ளே போனாலே சிறு பிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். கற்பூரமும் அப்படியே. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி நரம்பியல் மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்த மற்றவர்களும், நீலகிரித் தைலமும் கற்பூரமும் கலந்த பொருள்களால் பெரியவர்களுக்கும் வலிப்பு வருவதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் இவற்றை முகர்வதையும் தடவுவதையும் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ இவற்றைத் தடவ வேண்டாம்.

இன்னொன்று, வின்டர்கிரீன் எண்ணெய். நீலகிரியிலும் வடிக்கப்படுகிறது. வலித் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் என்ற பெயரில் இருக்கும். இந்தச் சுத்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 20 ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். பிள்ளையின் உயிரைப் பறிக்க அது போதும். தோலில் பூசினாலும் உள்ளே இறங்கும். 2007-இல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய மாணவி ஒருத்தி, பயிற்சி வலிக்காக இந்தப் பொருள் கலந்த பூச்சுகளை அளவுக்கு மீறி உபயோகித்ததால் மரித்துப்போனாள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளிகள் இதைத் தேய்த்தால் இரத்தக் கசிவு வரலாம்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

வலி இல்லாத ஆபத்தும் உண்டு

தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவதால் வரும் கேடு இன்னொன்று. பழக்கமில்லாத கடும் வேலைக்குப் பிறகோ, வெயிலில் வெகுதூரம் ஓடிய பிறகோ சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். அது தேய்த்துப் போகும் வலியன்று. அன்றைக்கே ஊசிவழித் திரவம் ஏற்ற வேண்டிய வியாதி. பிந்தினால் டயாலிசிஸ் வரைக்கும் போகும். வெயிலில் வேலை செய்கிறவன் பேச்சு குழறி, உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். நமது மாநிலத்தின் உப்பளங்களில் வேலை செய்கிறவர்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, வெப்பம் அவர்களுடைய சிறுநீரகத்தைப் பாதிப்பதைக் கண்டார்கள். தண்ணீரும், நிழலும், ஒதுங்கக் கழிப்பறையும் இல்லாததே அந்தத் துன்பத்தின் பெரும்பகுதி. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் என்ன அனுப்பலாம்?

தைலப் பெட்டிகளும் விட்டமின் பெட்டிகளும் வேண்டாம் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம். உழைத்த உடம்புக்கு வேண்டியவை நான்கு.

முதலாவது, தண்ணீரும் உப்பும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மலிவானது. அது கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். நமது முன்னோர் குடித்த நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் எந்த விளம்பரப் புட்டிக்கும் குறைந்தவை அல்ல.

இரண்டாவது, சாப்பாடு. உடம்பின் காவற்காரருக்குக் கூலி அதுதான். கடலையில் விட்டமின் ஈ இருக்கிறது. நெல்லிக்காயில் விட்டமின் சி இருக்கிறது. முருங்கைக்கீரை வீட்டுக்கு வீடு முளைக்கிறது. பருப்பும் முட்டையும் சேர்ந்தால் சிதைந்த தசை திரும்பக் கட்டப்படும்.

மூன்றாவது, நிழல். குவாரியிலும் சூளையிலும் ஒரு கீற்றுக் கொட்டகையும், ஒரு தண்ணீர்ப் பானையும், பெண்களுக்கு ஒரு மறைவிடமும் இருந்தால் எத்தனையோ பேர் நமது வார்டுக்கு வராமலே சுகமாயிருப்பார்கள்.

நான்காவது, ஓய்வு. நொதி கூடுவதும் தசை கட்டப்படுவதும் உழைக்கும் நேரத்தில் நடப்பதில்லை. உறங்கும் நேரத்திலும் ஓயும் நாளிலும்தான் நடக்கிறது. போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன்களுக்கும் இதையே சொல்லுகிறோம்: வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரு நாள் ஓயுங்கள். ஏழு நாளில் ஒரு நாள் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும் என்ற கட்டளை உண்டல்லவா? அது ஆத்துமாவுக்கு மட்டும் என்று எண்ணிப் பிரசங்கம் பண்ணி வந்தோம். தசைக்கும் அது தேவை என்று டாக்டர்கள் சொல்லக் கேட்கிறோம். கூலி இல்லாத நாளில் அடுப்பு எரியாத வீட்டுக்கு ஓய்வு ஓர் ஆடம்பரம் என்பதையும் அறிவோம். ஆனபடியால்தான் படுக்கையில் கிடக்கும் ஒரு கூலியாளின் வீட்டுக்கு நீங்கள் அனுப்பும் அரிசியையும் நாங்கள் மருந்து என்றே எண்ணுகிறோம்.

உங்கள் வீட்டில் இருக்கும் தைலப் புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். வலிக்கிற இடத்தில் கொஞ்சம் தேய்த்து, மூடியை இறுக்கி, உயரத்தில் வையுங்கள். ஒரு செம்பு மோரும் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, நாளைக்கு ஒரு நாள் ஓய்ந்திரு என்று சொல்லுங்கள். அடுத்த முறை பெட்டி கட்டும்போது தைலத்துக்கு வைத்த பணத்தை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கும், கொட்டகைக் கீற்றுக்கும், அரிசிக்கும் மாற்றி அனுப்புங்கள்.

வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிற யாவருக்கும், உங்களுக்கும் உங்கள் குடும்பங்களுக்கும், கர்த்தர் இளைப்பாறுதல் தந்து காத்துக்கொள்வாராக.